இரண்டு மணிக் கதவு

வெல்டிங் வகுப்புக்கு மூன்று நாள் வராவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். நான் இரண்டு நாள் போகவில்லை. இரண்டுமே லொரெய்னின் விழாக்களுக்காக.

லொரெய்ன் எங்கள் கல்லூரியின் மாணவர் உதவி மையத் தலைவி. 'எல்லோருக்கும் இடம்' என்று எங்கே மேடை போட்டாலும் என்னை ஏற்றிவிடுவாள். வெல்டிங்கில் நான் ஒருத்திதான் பெண், ஆசிய மலைவாழ் மக்களான எங்கள் மோங் இனத்திலிருந்து வந்தவளும் நான் ஒருத்திதான். இரண்டும் ஒரே ஆளில் கிடைத்தால் விடுவாளா?

மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. கல்லூரியின் குழந்தைகள் காப்பகத்தில் என் மகளுக்கு இடம் வாங்கித் தந்தவள் அவள். அந்த இடம் நிலைக்கப் பருவத்துக்கு ஒருமுறை அவள் கையெழுத்து வேண்டும்.

"பாக்கூ, செவ்வாய்க்கிழமை உங்க ஜனங்க உடுப்பைப் போட்டுட்டு வாம்மா. மேடையே களை கட்டும்."

"ரெண்டு மணிக்கு வகுப்பு, லொரெய்ன். இன்னொரு நாள் போச்சுன்னா என் கதை முடிஞ்சது."

"ஒண்ணரைக்கே விட்டுடறேன். சத்தியமா!"

விட்டபோது மணி ஒன்று ஐம்பத்தைந்து. உடுப்பில் தைத்த காசுகள் சலசலக்க ஓடினேன். ஆசிரியர் டேல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வந்துட்டேன், டேல்!"

"வந்தே, சரி. இந்தக் கோலத்துலயா? தொங்கற துணியில பொறி பட்டா பத்திக்கும். உள்ள விட்டா என் வேலை போயிடும். ரெண்டு நிமிஷம் இருக்கு, மாத்திட்டு ஓடி வா."

கழிப்பறைக்குள் இடுப்புப் பட்டையை இழுத்தேன். மேடையில் அவிழக் கூடாதென்று அத்தை காலையில் அதைச் சுற்றிச் சுற்றித் தைத்தே விட்டிருந்தாள். நூலைப் பல்லால் கடித்தேன். நகம் பெயர்ந்தது. தையல் விடவில்லை.

வெளியே வந்தேன். கதவு சாத்தியிருந்தது, மேலே சிவப்பு விளக்கு. அது எரிந்தால் யாருக்கும் திறக்க மாட்டார்கள். லொரெய்ன் மேல் வந்த கோபத்தைவிட என் மேல் வந்ததுதான் அதிகம்.

கைபேசி சிணுங்கியது. உதவி மையத்திலிருந்து தானாக வரும் செய்தி: 'மூன்று வகுப்புகளுக்கு நீங்கள் வரவில்லை. கவலைப்படுகிறோம். உதவி வேண்டுமா? அன்புடன், லொரெய்ன்.'

"அட, இங்கயா இருக்கே!" புகைப்படக்காரனோடு லொரெய்னே நின்றாள். "உடுப்பை இன்னும் கழட்டலையா? நல்லதாப் போச்சு. இந்த வெல்டிங் கதவு முன்னாடி ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கலாம். கொஞ்சம் சிரிம்மா."

மகளின் காப்பகத் தாளில் இந்தப் பருவத்துக்கு அவள் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. சிரித்தேன்.