பலகை மேடையின் காய்ப்பு

1999 சித்திரையில், சோளக்காட்டுக்கு மேற்கே குழந்தைசாமியின் வீட்டுத் தோட்டத்தில் போட்டிருந்த பலகை மேடை பதினேழு பலாக்காய் காய்த்தது. இருபதடி நீளம், பன்னிரண்டடி அகலம். அறுத்து, ஒரு வருடத்துக்குமேல் நிழலில் உலர்த்தி, இழைத்து, எண்ணெய் பூசி, பித்தளைத் திருகாணி போட்டு முடுக்கிய பலகைகள். வேர் கிடையாது, இலை கிடையாது. பதினொரு காய் அடிப்பக்கம் தொங்கியது; மீதி ஆறு மேலே, நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தன. அந்த வாரம் சந்தையில் மிளகு கிலோ இருநூறைத் தொட்டிருந்ததால் ஊரில் பாதிப்பேர் மிளகைப் பற்றித்தான் பேசினார்கள்.

மேடை போடும் யோசனை 1997இல் வந்தது. மலைக்குச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு இரண்டு அறை வாடகைக்கு விடலாம், பின்னால் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி உட்கார ஒரு மேடை இருந்தால் கூடுதலாகக் கேட்கலாம் என்று குழந்தைசாமி கணக்குப் போட்டான். கையில் இருந்தது இருபதாயிரம். தேக்கு கன அடி ஆயிரத்து நூறு; நாற்பது கன அடிக்கு நாற்பத்து நாலாயிரம், காரவள்ளியிலிருந்து எழுபது வளைவு ஏறிவர லாரி வாடகை தனி. கல் பாவினால் பாதி விலைதான், ஆனால் மலைமழையில் பாசி பிடித்து வழுக்கும்; வந்தவன் இடுப்பொடிந்தால் வைத்தியச் செலவும் நம் தலையில். மிளகுக் கொடி ஏறுகிற சில்வர் ஓக் சல்லிசு. மூன்று மழையில் உளுத்துவிடும். நாலு நாள் பார்த்துவிட்டுத் தச்சர் அர்த்தனாரி சிரித்தார்.

“ஏனுங்க, ஊட்டுக்குப் பின்னாலயே அம்பது வருசத்துப் பலாவ நிறுத்தி வெச்சுக்கிட்டு ஊரெல்லாம் மரம் தேடறீங்களே? கரையான் கிட்ட வராதுங்க. மரத்துக்குக் காசும் கெடையாது.”

மரம் இருந்தது. அதில் ஒரு சிக்கலும் இருந்தது. அந்தப் பக்கத்தில் மண் ஒருவருக்கு, மரம் ஒருவருக்கு, காய் இன்னொருவருக்கு என்று பிரித்துக் கொடுக்கிற வழக்கம் உண்டு. அப்பன் பாகம் பிரித்தபோது நிலம் முழுவதும் மகனுக்குப் போனது. காரவள்ளியில் வாழ்க்கைப்பட்ட மகள் பாவாயிக்கு அந்த ஒரு பலாவின் காய் மட்டும். எழுத்து இல்லை, நாலு பேர் முன்னால் சொன்ன சொல். சீர் விஷயமாக அண்ணனோடு சண்டை முற்றி, அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்று ஆன பிறகும் பாவாயி வருடம் தவறாமல் மலையேறி வந்து காய் அறுத்துக்கொண்டு போனாள். பிறந்த மண்ணில் கால்வைக்க அவளுக்கு மிஞ்சியிருந்த உரிமை அது ஒன்றுதான்.

காய்தானே அவளுடையது, மரம் என்னுடையது என்று குழந்தைசாமி முடிவு செய்தான். மரத்தில் இருந்த காயையெல்லாம், பிஞ்சைக்கூட விடாமல் பறித்து, நாலு மூட்டையாகக் கட்டி பஸ்ஸில் ஏற்றிக் காரவள்ளிக்கு அனுப்பினான். மறுநாள் மரத்தைச் சாய்த்தான். செலவுப் பட்டியலில் மரவிலைக்கு நேராகச் சுழியம் போட்டான். கணக்கு தீர்ந்தது என்று நினைத்தான்.

மூன்றாம் நாள் பாவாயி வந்து அடிமரத்தைப் பார்த்தாள்.

“பிஞ்சறுத்து அனுப்பீருக்கறீங்களே அண்ணா, கைக்கொழந்தயக் கழுத்த நெரிக்கறாப்ல. நல்லாருங்க.”

“உன் காய் உனக்கு வந்துருச்சல்ல? கெளம்பு.”

“இந்த வருசத்துக் காய் வந்துச்சு. அப்பன் இத்தன வருசம்னு கெடு வெச்சுக் குடுக்கல. நான் வருசா வருசம் வருவேன்.”

“வா, வந்து பலகையில பறிச்சுக்க!”

பாவாயி மலையிறங்கிப் போனாள். அடுத்த வருடம் வந்தாள், பலகைகள் கொட்டகையில் உலர்ந்துகொண்டிருந்தன, பார்த்துவிட்டுப் போனாள். அதற்கடுத்த வருடம் அரிவாளும் சாக்குமாக வந்து, மேடைக்கடியில் குனிந்தும் மேலே ஏறியும் பதினேழையும் அறுத்தாள். சுளையில் லேசாக எண்ணெய் வாசம் அடித்தது, இனிப்பு குறையவில்லை என்று வாங்கினவர்கள் சொன்னார்கள்.

2000இல் குழந்தைசாமி பூம்பிஞ்சு தெரிந்த இடமெல்லாம் உளி வைத்துச் செதுக்கினான். செதுக்கின இடத்தில் இரண்டிரண்டாக வந்தது. 2001இல் தார் பூசினான். காய் கறுப்பாக வந்தது, உள்ளே மஞ்சள்தான். தங்க வந்தவர்கள் முழங்காலில் முள் குத்தி, ஈ மொய்க்கிறது என்று முகம் சுளித்துப் போனார்கள். 2002இல் மேடையைப் பிரித்து விற்க ஆள் கூப்பிட்டான். சேலத்திலிருந்து வந்த வியாபாரி தட்டிப் பார்த்து, நல்ல வைரம் பாய்ந்த மரம் என்று விலையும் பேசி முடித்தான். பாவாயி அவனைச் சோளக்காட்டு பஸ் நிறுத்தத்தில் மறித்தாள். “எடுத்துட்டுப் போங்க சாமி. எங்க போடறீங்கன்னு மட்டும் வெலாசஞ் சொல்லுங்க, வைகாசில வாரேன்” என்றாள். ஒரு பொம்பளையும் சேர்ந்து வருகிற பலகை தனக்கு வேண்டாம் என்று அவன் கொடுத்த முன்பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு இறங்கிப் போனான். குழந்தைசாமி இருபத்தைந்தாயிரம் தருகிறேன், காயை விட்டுக்கொடு என்று ஆள் அனுப்பினான். பாவாயி அந்த ஆளுக்கு மோர் கொடுத்தாள், பதில் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு குழந்தைசாமி உளியைத் தொடவில்லை. நாற்காலிகளைக் காய்க்கு இடம்விட்டுப் போடப் பழகினான். மாசியிலிருந்து தினமும் சாயங்காலம் காய்களை எண்ணினான், குரங்கு வந்தால் கல்லெறிந்தான். பாசம் ஒன்றுமில்லை, ஒன்று குறைந்தாலும் அவள் நாலு ஊருக்குக் கேட்கும்படி திருடன் என்பாள் என்ற பயம்.

2006 வைகாசியில் பாவாயி மேடையைச் சுற்றி வந்து, காம்பு முறிந்த தழும்பு இரண்டைத் தடவிப் பார்த்தாள்.

“ரெண்டு குறையுதுங்க.”

“கொரங்கு தின்னுபோட்டுது.”

“எந்தக் கொரங்கு, வேட்டி கட்டுனதுங்களா?”

அவள் மிச்சமிருந்ததை அறுத்து, சாக்கில் கட்டி, பன்னிரண்டரை மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள். குழந்தைசாமி தேங்காயெண்ணெயும் துணியும் எடுத்துவந்து, பால் வடிந்த பலகைகளை ஒவ்வொன்றாகத் துடைத்தான். காய்ந்துவிட்டால் பிறகு சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.