மாட்டு இருதயம்

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் காசிக்கு வேலை. கிணற்றிலிருந்து ஊறல் தொட்டிகளுக்கும் சுண்ணாம்புக் குழிகளுக்கும் தண்ணீர் ஏற்றும் இரண்டு கை பம்புகளைப் பார்த்துக்கொள்வது அவன் பொறுப்பு. பம்புக்குள் ஒரு தோல் மடல் உண்டு. அது தண்ணீரை மேலே விடும், திரும்ப இறங்க விடாது. மடல் விறைத்துப்போனால் எத்தனை பேர் மாறி மாறி அடித்தாலும் தொட்டி நிறையாது. காசி வந்து பழையதைக் கழற்றி, எண்ணெயில் ஊறிய புதுத் தோலை வெட்டிப் பொருத்துவான்.

அவன் மனைவி பூவம்மாளுக்கு இருபத்திரண்டு வயது. கல்யாணமான நாளிலிருந்தே ஒரு குடம் தண்ணீர் கொண்டுவருவதற்குள் மூன்று இடத்தில் நிற்பாள். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்தபடிதான் தூங்குவாள். காசி அதைச் சோம்பல் என்றே எடுத்துக்கொண்டான். கை நீட்டியதில்லை. ஆனால் ஊரில் யாருக்கும் இல்லாத மூச்சு இவளுக்கு மட்டும் வந்திருக்கிறது என்று நாலு பேர் எதிரில் சொல்லியிருக்கிறான்.

1931ஆம் வருஷம் அவளுக்கு ஆறாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது இரண்டு கால்களும் வீங்கின. ஒரு நாள் காலை இருமியபோது இளஞ்சிவப்பாய் நுரை வந்தது. காசி பயந்துபோனான். அன்றைக்கே ரயிலில் காட்பாடிவரை கூட்டிப்போய், அங்கிருந்து ஜட்கா வண்டி வைத்து வேலூரில் பெண்களுக்கான ஆஸ்பத்திரியில் சேர்த்தான்.

அங்கே டாக்டர் கிருபா அம்மாள் பூவம்மாளின் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்று விசாரித்தார். பத்து வயதில் முழங்கால், மணிக்கட்டு என்று ஒன்று மாற்றி ஒன்று வீங்கி மூன்று மாதம் படுத்துக் கிடந்ததைப் பூவம்மாள் சொன்னாள்.

டாக்டர் காசியை வராந்தாவுக்கு அழைத்துப்போய் விளக்கினார். இருதயம் இரண்டு பாகமாக வேலை செய்கிறது. உடம்பெல்லாம் சுற்றிக் களைத்து வரும் ரத்தத்தை வலது பக்கம் வாங்கி நுரையீரலுக்கு அனுப்பும். அங்கே காற்றை ஏற்றிக்கொண்டு வரும் ரத்தத்தை இடது பக்கம் வாங்கி, உச்சந்தலையிலிருந்து கால் விரல்வரை தள்ளும். நிமிஷத்துக்கு எழுபது எண்பது தடவை, தூங்கும்போதும் நிற்காமல். ரத்தம் வந்த வழியே திரும்பாதபடி உள்ளே மெல்லிய கதவுகள் இருக்கின்றன. பூவம்மாளின் இடது பக்கக் கதவு அந்தப் பழைய காய்ச்சலில் தடித்து ஒட்டிக்கொண்டுவிட்டது; சரியாகத் திறப்பதில்லை. அதனால் ரத்தம் நுரையீரலிலேயே தேங்குகிறது.

"மடல் விறைச்சுப் போச்சு. அவ்ளோதானே? மாத்திடுங்க டாக்டரம்மா" என்றான் காசி.

"மாத்த முடியாது, காசி. அதுல கை வைக்க இன்னும் வழி கண்டுபிடிக்கலை."

காசி நம்பவில்லை. மடல் என்று ஒன்று இருந்தால் மாற்றவும் முடியும் என்பது அவன் எண்ணம். ஊருக்குத் திரும்பி ஒரு வாரம் வேலை பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கறிக்கடை ஷபீ அஹமதிடம் போய், கீறாத மாட்டு இருதயம் ஒன்று வேண்டும் என்றான். குழம்புக்கா என்று ஷபீ கேட்டதற்கு, டாக்டரிடம் காட்ட என்று சொன்னான். ஷபீ மேற்கொண்டு எதுவும் கேட்காமல் கழுவி, தூக்குப் பாத்திரத்தில் போட்டு, வாழையிலையால் மூடிக் கொடுத்தார்.

வேலூரில் கிருபா அம்மாள் பாத்திரத்தைத் திறந்து பார்த்தார். சிரிக்கவில்லை. ஒரு தட்டும் கத்தியும் தண்ணீர்ச் செம்பும் வரவழைத்து, இடது பக்கத்து மேல் அறையைக் கீறி விரித்தார். கீழ் அறைக்குப் போகும் வழியில் வெள்ளையாய், ஈரத் துணிபோல இரண்டு மடல்கள் தொங்கின. ஓரங்களிலிருந்து நூல்கள் இறங்கிக் கீழே தசையில் முடிந்தன. காசியைத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். கீழ் அறை நிறைந்ததும் அடிப்பக்கத்தைப் பிடித்து அழுத்தினார். இரண்டு மடல்களும் எழும்பி ஒன்றோடொன்று சேர்ந்து மூடிக்கொண்டன. தண்ணீர் மேலே வராமல் பக்கத்திலிருந்த தடித்த குழாய் வழியாகப் பீறிட்டது.

காசி மறுபடி ஊற்றினான். நாலைந்து தடவை பார்த்தான். பிறகு நூல்களை விரலால் தொட்டு, இது எவ்வளவு தூரம் திறக்கும் என்று கேட்டான்.

"மனுஷங்களுக்கு ரெண்டு விரல் போற அளவு திறக்கணும். உன் பெண்சாதிக்கு ஒரு பென்சில்தான் போகும்."

"இதை நிறுத்திட்டு வேலை செய்ய முடியாதா? நாங்க பம்பை நிறுத்திட்டுத்தான் கழட்டுவோம்."

"நிறுத்தினா அவ இருக்க மாட்டா."

காசி நேரே வார்டுக்குப் போய், தலையணைகளில் சாய்ந்திருந்த பூவம்மாளிடம் பார்த்ததையெல்லாம் கைகளைக் குவித்தும் விரித்தும் சொன்னான். கதவு திறக்காததால்தான் மூச்சு வாங்குகிறது, நீ என்ன செய்வாய், பாவம் என்றான்.

பூவம்மாள் முடியும்வரை கேட்டாள்.

"ரெண்டு வருஷமா நான் வாயத் தொறந்து சொன்னேன்" என்றாள். "செத்த மாட்டோட நெஞ்சு சொல்லி நம்புற. நான் சொல்லி நம்பல."

காசி குனிந்து அவள் கால் வீக்கத்தைப் பார்த்தான். அன்று மாலை ரயிலுக்குப் போகவில்லை. வராந்தாவிலேயே தங்கிவிட்டான்.

இரண்டு மாதம் அவள் படுக்கையில் இருந்தாள். உப்பில்லாத கஞ்சி, வேளாவேளைக்குச் சொட்டு மருந்து. வீக்கம் வடிந்தது. பிரசவத்தில் அவளை முக்கவிடாமல் இடுக்கிபோன்ற ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுத்தார்கள். சிறிய பெண் குழந்தை, அழுதது.

ஆபத்து அதற்குப் பிறகுதான் வந்தது. குழந்தைக்கென்று கருப்பைக்குப் போய்க்கொண்டிருந்த ரத்தமெல்லாம் ஒரேயடியாக இருதயத்துக்குத் திரும்ப, அந்தக் கதவு தாங்கவில்லை. பிற்பகலில் அவளுக்கு நெஞ்சு கொரகொரத்தது, உதடு நீலமானது. கிருபா அம்மாள் வெளியே வந்து, கையில் நரம்பைத் திறந்து கொஞ்சம் ரத்தம் எடுக்கவேண்டும் என்றார். பிரசவத்துக்காக வந்திருந்த பூவம்மாளின் அண்ணன் கோதண்டபாணி அதிர்ந்துபோனான். பிள்ளை பெற்று வெளுத்துக் கிடப்பவளிடமிருந்து ரத்தம் எடுப்பதா, கூடாது என்று கதவை மறித்துக்கொண்டான்.

"வழிவிடு மச்சான்" என்றான் காசி. "உள்ள வர்றது ஜாஸ்தி. வெளிய போற வழி சின்னது. வர்றதைக் கம்மி பண்ணாத்தான் அவ மூச்சு விடுவா."

கோதண்டபாணி அவன் முகத்தைப் பார்த்துவிட்டு விலகினான். ஒரு பீங்கான் கிண்ணம் நிறைய ரத்தம் எடுத்தார்கள். கால் மணி நேரத்தில் கொரகொரப்பு தணிந்தது. காசி ஜன்னல் வழியாக அவள் உதட்டு நிறம் மாறுவதையே பார்த்துக்கொண்டு நின்றான். பின்பு வெளியே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அழுதான்.

இனிமேல் குழந்தை கூடாது, பாரம் தூக்கக் கூடாது என்று சொல்லி, மூன்று வாரம் கழித்து அனுப்பினார்கள். குழந்தைக்குத் தேவகி என்று பெயர் வைத்தார்கள்.

அடுத்த தை மாதம் ஜோலார்பேட்டையில் இருக்கும் தங்கையைப் பார்க்கப் பூவம்மாள் ஆசைப்பட்டாள். குழந்தையைக் காசி தூக்கிக்கொள்ள, ஸ்டேஷனுக்கு நடந்தார்கள். பாதி வழியில் வண்டியின் ஊதல் கேட்டது. விரைந்து நடந்தால் பிடித்துவிடலாம்.

"நில்லு" என்றாள் பூவம்மாள்.

காசி நின்றான். ரோட்டோரம் ஒரு மைல்கல்லில் அவளை உட்காரவைத்துவிட்டு, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு தானும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். வண்டி வந்து, நின்று, போய்விட்டது. அவள் எழுந்திருக்கிறேன் என்று சொல்லும்வரை உட்கார்ந்திருந்தார்கள். பிறகு அடுத்த வண்டிக்கு மெதுவாக நடந்தார்கள்.