சாக்ஸுக்குள் ஒரு கை

ரெனிட்டா நாற்காலியின் விளிம்பில்தான் உட்கார்ந்திருந்தாள். சாய்ந்தால் எழுந்து பாய ஒரு நொடி தாமதமாகிவிடும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்த மகள் ஜோவிக்கு அந்த ஒரு நொடி போதும். இரண்டு வயதுக் குட்டி, இடது கையில் ஏறிக்கொண்டிருந்த டிரிப்ஸை நேற்று ஒரே இழுப்பில் பிடுங்கிப் போட்டிருந்தாள்.

நிமோனியா. மருந்து நரம்பு வழியாகத்தான் போக வேண்டும். கொழுகொழுவென்றிருந்த அந்தக் கைகளில் நரம்பு கண்ணுக்கே தட்டுப்படவில்லை. குத்திக் குத்தித் தேடி, கடைசியில் வலது புறங்கையில் ஒன்றைப் பிடித்தார்கள். "இதைப் பத்திரமா பாத்துக்கோங்க. இதுவும் போச்சுன்னா மறுபடி பாப்பாவுக்குத்தான் கஷ்டம்" என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து ரெனிட்டாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

கணவன் ஆஸ்வின் இரண்டு கப் காபியோடு உள்ளே வந்தான்.

"குத்தி முடிச்சதும் கரெக்டா காபி வந்துடுது, இல்ல?" என்றாள்.

"ரெனி, அவ அழறதை என்னால பாக்க முடியல."

"எனக்கு மட்டும் கல்லு மனசா?"

அவன் காபியை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போனான். சாந்தோம் பள்ளியில் ஒரு வகுப்பையே கண்பார்வையில் அடக்குகிற வாத்தியார், ஊசியைக் கண்டால் வராந்தாவுக்கு ஓடிவிடுகிறார். கேட்டால் சிரிப்பார்கள். ரெனிட்டாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அசையாமலிருக்கச் சின்னக் கட்டையோடு சேர்த்துக் கட்டியிருந்த வலது கையை ஜோவி மறுபடி தூக்கிப் பார்த்தாள். பிளாஸ்டரின் ஓரத்தை நகத்தால் நிமிண்டத் தொடங்கினாள். "வேணாம்டா தங்கம், வேணாம்." எடுத்துவிட்ட விரல் அடுத்த கணமே அங்கே போய் நின்றது.

ஆஸ்வின் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பையை ரெனிட்டா கிளறினாள். துண்டை மறந்தவன், முயல் முகம் போட்ட சாக்ஸை மட்டும் எடுத்து வைத்திருந்தான். சட்டென்று அதைக் குழந்தையின் கையில், கட்டுக்கு மேலேயே மாட்டிவிட்டாள்.

"மொயலு!" ஜோவி சிரித்தாள். முயலுக்கு முத்தம் கொடுத்தாள். பிளாஸ்டரை மறந்தே போனாள்.

"கில்லாடி டி நீ!" என்றான் ஆஸ்வின். ரெனிட்டா அப்போதுதான் முதுகைச் சாய்த்தாள்.

அந்த நிம்மதி நெடுநேரம் நிலைக்கவில்லை. மதியத் தூக்கத்திலிருந்து ஜோவி சிணுங்கிக்கொண்டே எழுந்தாள். பால் வேண்டாம், பொம்மை வேண்டாம். கையை மெத்தையில் தேய்த்தாள்.

"சாக்ஸை எடுத்து ஒரு தடவை பாக்கலாமா?" என்றான் ஆஸ்வின்.

"எடுத்தா உடனே பிடுங்குவா. மருந்து ஏத்தற மெஷின் ஒழுங்காத்தானே ஓடுது? ஏதாவதுன்னா அது கத்தாதா?"

"அவ அழுகை வேற மாதிரி இருக்கு, ரெனி."

"ஊசி போடறப்ப வெளியே ஓடறவருக்கு அழுகை வித்தியாசம் தெரியுமா?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் வெளியே போகவில்லை. குனிந்து மெதுவாகச் சாக்ஸைக் கழற்றினான்.

புறங்கை பன் மாதிரி உப்பியிருந்தது. தொட்டால் ஜில்லென்றது. ஆஸ்வின் அழைப்பு மணியை அழுத்தினான். விரலை எடுக்கவே இல்லை.

சிஸ்டர் அஃப்சருன்னிசா ஓடி வந்து முதலில் மெஷினை நிறுத்தினார். "இன்னாம்மா இது, முயலு வேஷமெல்லாம்! தண்ணி நரம்புல போவாம வெளிய எறங்கிக்கினு கீது. மெஷின் கத்தறதுக்கு முன்னாடியே கை வீங்கிடும்மா. இந்தப் பிளாஸ்டரைக் கண்ணாடி மாதிரி ஒட்டியிருக்கறதே உள்ள பாக்கத்தான். நீங்க அதுமேல திரை போட்டுட்டீங்களே!"

"நான்தான் மாட்டினேன், சிஸ்டர்." ரெனிட்டாவின் குரல் உடைந்தது.

"சரி, அழுவாதே. சீக்கிரமே பாத்துட்டீங்க. கையை ஒசத்தி வெச்சா வடிஞ்சிடும். ஆனா புதுசா போட்டாவணும். யாராவது கெட்டியா புடிச்சுக்கணும்."

ரெனிட்டா எழுந்தாள். வீங்கிய அந்தக் கையைப் பார்த்ததும், நீட்டிய கைகளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். இத்தனை நாளும் இரும்பாகப் பிடித்திருந்த கைகள்.

"நான் புடிக்கிறேன்" என்றான் ஆஸ்வின்.

அவன் முகம் வெளிறிப்போயிருந்தது. ஆனாலும் குழந்தையை மடியில் அணைத்து, இடது முழங்கையைத் தன் உள்ளங்கையில் ஏந்தினான். ஜோவி வீறிட்டாள். அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "அப்பா இருக்கேன், அப்பா இருக்கேன்" என்று உளறிக்கொண்டே இருந்தான். ரெனிட்டா குனிந்து இருவர் தலையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"கெடைச்சிடுச்சு!" என்றார் சிஸ்டர். குழாயை ஒரு வளையமாகச் சுற்றி ஒட்டி, மீதியைக் குழந்தையின் சட்டைக்குள் விட்டு முதுகுப் பக்கமாக வெளியே எடுத்தார். ஊசி இருந்த இடம் மட்டும் திறந்தே இருந்தது. "இழுக்கறதுக்குக் குழாய் அவ கையில ஆப்டாது. ஆனா நீங்க பாத்துக்கினே இருக்கணும்."

ஜோவி விம்மி விம்மி அப்பாவின் தோளிலேயே தூங்கிப்போனாள். ஆஸ்வினின் சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. ரெனிட்டா நாற்காலியை இழுத்து அவனை ஒட்டி உட்கார்ந்தாள்.

"வீக்கம் இருக்கா?"

"இல்ல."

"சிவந்திருக்கா?"

"இல்ல, ரெனி."

"மறுபடி பாரேன்."

அவன் மறுபடி பார்த்தான். அவளும் பார்த்தாள்.