பாடையை இறக்கிய இடம்

“பெத்தவ செத்துக் கெடக்கா. மகளக் கட்டிப்புடிச்சு அழக் கூடாதுன்னா, நீ என்னம்மா பேசுற?”

“அழ வேணாம்னு சொல்லலீங்க. முன்னால நின்னு, அவகிட்ட கேட்டுட்டுத் தொடுங்க. பின்னால இருந்து மட்டும் புடிச்சிராதீங்க.”

“எழவு வீட்டுல எவ பெர்மிஷன் கேட்டுக் கட்டுவா? நல்ல கூத்து!”

பந்தலில் நின்ற சேவுகனுக்கு இரண்டு குரலும் கேட்டன. ஒன்று அவனுடைய அக்கா மூக்காயி. மற்றது, திருச்சியில் அவன் மகள் காவ்யா இருக்கும் கூர்நோக்கு இல்லத்தின் கவுன்சிலர் மதுமிதா. காவ்யாவுக்குப் பதினாறு வயது. முந்திரிக் கொல்லையில் பின்னாலிருந்து வாயைப் பொத்தியவனை அரிவாளால் வெட்டினாள். அவன் பிழைத்துக்கொண்டான். வழக்கு நடக்கிறது. இவள் பூட்டிய கதவுக்குள் இருக்கிறாள்.

மாதா மாதம் இலுப்பூரில் பஸ் ஏறிப் போய்ப் பார்த்து வந்தவள் அவள் அம்மா அன்புச்செல்விதான். சேவுகன் ஒரு தடவைகூடப் போகவில்லை. மகள் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை. நேற்றுக் காலை மாட்டுக்குத் தண்ணீர் வைத்த அன்புச்செல்வி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை.

பொம்பளைப் பிள்ளை சுடுகாட்டுக்குப் போக முடியாது. பாடை கிளம்புவதற்குள் காவ்யா அம்மாவைத் தொட்டால்தான் உண்டு.

அவள் வேனிலிருந்து இறங்கி வந்தாள். கூடவே ஒரு பெண் போலீஸ். அம்மாவின் கால்மாட்டை நெருங்கும்போது மூக்காயிக்குத் தாங்கவில்லை. தூக்கி வளர்த்த பிள்ளை. “எந்தங்கமே, ஒன்னய விட்டுட்டுப் போயிட்டாளே!” என்று பின்னாலிருந்து பாய்ந்து கட்டிக்கொண்டாள்.

காவ்யா அலறிய அலறலில் பறை நின்றது. அத்தையின் கையைக் கடித்து உதறினாள். சேர்களைத் தள்ளிக்கொண்டு ஓடி, வேனுக்குள் ஏறிக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டாள்.

“வெட்டுனவதானே, கடிக்க மாட்டாளா?” என்றது ஒரு குரல்.

மூக்காயி கையைப் பார்த்தபடி நின்றாள். “பாசத்துலதான்டா புடிச்சேன், தம்பி. நான்னு அவளுக்குத் தெரியலயாடா?”

மதுமிதா வேன் ஜன்னலருகே நின்று பேசிப் பார்த்தாள். கதவு திறக்கவில்லை. இங்கே குளிப்பாட்டிக் கோடி போட்டார்கள். தூக்கினார்கள்.

கொள்ளிச்சட்டியோடு முன்னால் போன சேவுகன் வேனுக்குப் பக்கத்தில் நின்றான்.

“எறக்குங்க.”

“என்ன மாமா, நடுத்தெருவுல பாடைய எறக்குறதா? ஊருக்கு ஆகாது,” என்றான் மூக்காயி மகன் வெற்றிச்செல்வன்.

“ஆகாட்டிப் போகுது. எறக்குடா. எல்லாரும் அங்கிட்டுப் போங்க. அக்கா, நீயும் போ.”

கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே விலகியது. சேவுகன் சட்டியைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலுக்கு நேரே வந்தான்.

“காவ்யா, அப்பா வந்திருக்கேன்த்தா.” கூட்டம் நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தான். “யாரும் கிட்ட இல்ல. நானும் தள்ளிப் போயிர்றேன்.”

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. அவள் இறங்கித் தெருப் புழுதியில் உட்கார்ந்தாள். சேர்த்துக் கட்டியிருந்த அம்மாவின் கால் பெருவிரல்களைக் கைக்குள் பொத்திக்கொண்டாள். அழவில்லை.

வெயில் இறங்கியது. பெண் போலீஸ் ஃபோனைப் பார்த்தாள். சட்டியில் நெருப்பு சாம்பல் பூத்தது. தூக்க வந்தவர்கள் சேவுகனைப் பார்த்தார்கள். சேவுகன் மதுமிதாவைப் பார்த்தான். அவள் தலை குனிந்துகொண்டாள்.

பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வரி எழுதுங்கள். அந்தக் கையை எடுக்கச் சொல்லி, காவ்யாவிடம் எப்படிக் கேட்பது?