யார் வேணா எழுதுற பக்கம்

சௌக்கத் அலிக்குத் திருவொற்றியூரில் ஒரு லேத் பட்டறை. இன்டர்நெட் புதிதாகப் பரவிக்கொண்டிருந்த அந்த வருஷம் பட்டறைக்கு வந்த வேலையைவிட அவன் செல்போனுக்கு வந்த அழைப்புகள்தான் அதிகம். காரணம், அவன் மனைவி ஜன்னத்.

எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தாள் அவள். கேரம் என்றால் உயிர். கேரம் போட்டி நடத்துகிறவர்களுக்காக ஒரு சாஃப்ட்வேர் எழுதியிருந்தாள். பேர்களைக் கொடுத்தால் போதும். யார் யாரோடு ஆட வேண்டும், ஜெயித்தவர் அடுத்த சுற்றில் யாரைச் சந்திக்க வேண்டும் என்று அதுவே பிரித்துக் கொடுத்துவிடும். ஒரு வெப்சைட் போட்டு, இலவசம் என்று அறிவித்தாள். தெருவுக்குத் தெரு கேரம் கிளப் இருக்கிற ஊர். அள்ளிக்கொண்டு போனார்கள். யார்டுக்குள் செல்போன் எடுத்துப் போகக் கூடாது என்பதால் சைட்டில் கணவனின் நம்பரைக் கொடுத்திருந்தாள்.

"பாய், பிரின்ட் வர்ல பாய்."

"பாய், பேர தப்பா அட்ச்சிட்டேன். எப்டி மாத்துறது?"

ஒருநாள் சாயங்காலம், இரும்புத்தூள் ஒட்டிய கையோடு வீட்டுக்குள் வந்தவன் வெடித்தான்.

"நா கடைசல் புடிக்கிறதா, உன் சாஃப்ட்வேருக்கு வாத்தியார் வேல பாக்குறதா? பேஜாரா கீது ஜன்னத்து!"

"உதவிப் பக்கம்னு ஒண்ணு போட்டுர்றேங்க. அதுல விக்கி வைக்கப் போறேன்."

"இன்னாது, விக்கலா?"

ஜன்னத் சிரித்துவிட்டாள். "விக்கி. சைட்டுக்கு வர்ற யார் வேணா அந்தப் பக்கத்துல எழுதலாம், திருத்தலாம். கீழ ஒரு பட்டன் இருக்கும், அவ்ளோதான். சின்ன சமாச்சாரம். ஒரு மணி நேரத்துல ஏத்திருவேன்."

"யார் வேணாவா? நம்ம பசங்கள பத்தி தெரியாதா உனக்கு? வெள்ளையட்ச்ச சுவத்த பாத்தா அவனுங்களுக்குக் கை அரிக்கும்."

அவன் சொன்னதுபோலவே நடந்தது. ஜன்னத் உட்கார்ந்து எழுதிய பக்கம் அந்த வாரமே காணாமல் போய், அந்த இடத்தில் 'ராயபுரம் சிங்கங்கள் வாழ்க' என்று மட்டும் இருந்தது. சௌக்கத்துக்கு ஒரு பக்கம் ஆத்திரம், ஒரு பக்கம் சொன்னது பலித்த சந்தோஷம். ஜன்னத் ஏதோ ஒரு இடத்தில் க்ளிக் செய்தாள். சிங்கங்கள் போய், பழைய பக்கம் அப்படியே திரும்பி வந்தது.

"ஐயே! பழசெல்லாம் உள்ளயே கீதா?"

"எல்லாம் கீது. யாரு, எப்போ, இன்னா மாத்துனாங்கன்னு கூட காட்டும்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். பிரின்ட் வராவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று போனில் ஓயாமல் சொன்னதை, தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டித் தட்டி அவனே எழுதினான். கீழே அவன் பேர் வந்தது. அன்று முதல் பட்டறையிலிருந்து வந்ததும் கை கழுவியவுடன் கம்ப்யூட்டரைத்தான் தேடினான்.

ராயபுரத்தில் செல்வநாதனின் கிளப் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய போட்டி வைத்தது. செல்வநாதன் கிளப்பின் செயலாளர். எதையும் சத்தமாகவே பேசுகிறவர். கப்பல் வந்திருந்ததால் ஜன்னத்துக்கு அன்று வேலை. முடிவுகளை உடனுக்குடன் விக்கியில் போடும் பொறுப்பைச் சௌக்கத்தே கேட்டு வாங்கிக்கொண்டான். ஹாலில் வைத்திருந்த கிளப் கம்ப்யூட்டரில் இன்டர்நெட் கிடையாது. ஹாலுக்கும் எதிரில் இருந்த பிரவுசிங் சென்டருக்கும் மாறி மாறி ஓடினான். ஊரெங்கும் பல பேர் சைட்டைத் திறந்து வைத்துக்கொண்டு முடிவுகளுக்காகக் காத்திருந்தார்கள்.

முதல் சுற்றின் கடைசியில் எல்லாம் நின்றது. காசிமேட்டு ஆட்டக்காரர் ஒருவர் வரவில்லை. அவர் மீன்பிடிக்கப் போன போட் இன்னும் கரைக்கு வரவில்லையாம். செல்வநாதன் அந்த ஆட்டத்துக்கு சைபர் சைபர் என்று போட்டுவிட்டார். 'ஆட்டம் முடியவில்லை' என்றது கம்ப்யூட்டர். அடுத்த சுற்றுக்கு நகர மறுத்தது.

"பாய், பூட்ச்சு! ஹால் ஃபுல்லா ஜனம் ஒக்காந்துகினு கீது. வூட்டம்மாக்கு போன் போடு!" என்று கத்தினார் செல்வநாதன்.

யார்டு கேட்டில் செக்யூரிட்டிதான் எடுத்தார். "மேடம் உள்ள வேலையா கீறாங்க, இப்ப கூப்ட முடியாது."

சௌக்கத் சென்டருக்கு ஓடினான். உதவிப் பக்கங்களில் ஆள் வராததைப் பற்றி ஒரு வரியும் இல்லை. முடிவுகள் இருந்த பக்கத்தின் உச்சியில் எழுதினான்: 'அவசரம். ஒரு ஆள் வர்ல. சைபர் சைபர் போட்டோம். அடுத்த ரவுண்டு வர மாட்டேங்குது. யாராச்சும் சொல்லுங்க.'

ரிஃப்ரெஷ் செய்தான். அவன் வரிதான் இருந்தது. மறுபடி செய்தான். அதே வரி. எதிர்ப்பக்கம் செல்வநாதன் வாசலில் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை அழுத்தினான்.

அவன் கேள்விக்குக் கீழே புதிதாக எழுத்துகள்.

'அந்த சைபர அழிச்சிடுங்க. வந்தவருக்கு ஜெயிச்ச கணக்குல இருபத்தஞ்சு பாயின்ட், வராதவருக்கு சைபர்னு போடுங்க. மூடிட்டு மறுபடி திறங்க. எங்க லைப்ரரி போட்டியிலயும் இப்டித்தான் ஆச்சு. அன்புக்கரசி, வியாசர்பாடி.'

சௌக்கத் போட்ட கூச்சலில் சென்டரில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். காசு கொடுக்கக்கூட நிற்காமல் சாலையைத் தாண்டினான்.

"யாருய்யா இந்த அன்புக்கரசி?" என்றார் செல்வநாதன்.

"தெர்லண்ணா."

"தெரியாத ஆள நம்பி, உள்ளதும் பூடுச்சின்னா?"

நியாயமான பயம்தான். முதலில் ஒரு ஃப்ளாப்பியில் காப்பி எடுத்து வைத்துக்கொண்டார்கள். பிறகு சௌக்கத் சைபரை அழித்தான். இருபத்தைந்து. சைபர். மூடினான். திறந்தான். திரை ஒரு கணம் வெறுமையாக இருந்தது. செல்வநாதன் மூச்சுவிடுவது காதில் கேட்டது. பிறகு இரண்டாம் சுற்றின் பேர்கள் ஒவ்வொன்றாக வந்து நிரம்பின.

"வந்துட்ச்சு! வந்துட்ச்சு!" செல்வநாதன் அவனைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார். ஹாலில் விசில் பறந்தது.

ஜன்னத் வீட்டுக்கு வந்தபோது தோளிலிருந்து பையை இறக்கவிடாமல் எல்லாவற்றையும் சொன்னான். பாதியில் நிறுத்தி, முதலிலிருந்து மறுபடி சொன்னான். அவள் விக்கியைத் திறந்தாள். அதற்குள் அன்புக்கரசி அந்தக் கேள்வியையும் பதிலையும் எடுத்து, 'ஆள் வராவிட்டால்' என்று தனிப் பக்கமாக ஆக்கியிருந்தாள். தாமதமாக வந்தால் என்ன செய்வது என்று வேறு யாரோ அதன் கீழே சேர்த்திருந்தார்கள்.

"நா ஒரு வரி கூட எழுதலியேங்க இதுல!" ஜன்னத்தின் கண்கள் மின்னின. "சைபர் போட்டா மாட்டிக்கிற தப்ப நா சாஃப்ட்வேர்லயே சரி பண்ணிர்றேன்."

"அத அப்பறம் பண்ணு. தள்ளு, அந்தப் பொண்ணுக்கு தேங்க்ஸ் எழுதணும்."

எழுதினான். மறுநாள் பதில் வந்திருந்தது: 'பரவால்லண்ணா. ஆமா, பொம்பளைங்களுக்கு ஏன் நீங்க போட்டி வைக்கல?'

ஜன்னத் அதை இரண்டு முறை படித்துவிட்டுக் கணவனைப் பார்த்தாள். அவன் ஏற்கெனவே செல்வநாதனின் நம்பரை அழுத்திக்கொண்டிருந்தான்.

செல்வநாதன் முதலில் முனகினார், பிறகு ஒப்புக்கொண்டார். பொங்கலுக்கு நடந்த போட்டியில் பெண்கள் டபுள்ஸும் இருந்தது. ஜன்னத் லீவு போட்டுவிட்டு வந்தாள். அன்புக்கரசியை அன்றுதான் முதன்முதலாக நேரில் பார்த்தாள்: ஒல்லியாக, பெரிய கண்ணாடி போட்டவள், வாய் ஓயாமல் பேசினாள். இருவரும் ஒரே ஜோடியாகப் பேர் கொடுத்து, அரையிறுதிவரை போய்த் தோற்றார்கள். முடிவைச் சௌக்கத் விக்கியில் போட்டான். ஜன்னத் பேருக்குப் பக்கத்தில் 'சூப்பர் ஆட்டம்' என்று தன் கையால் சேர்த்தும் விட்டான். அதை மட்டும் யாரும் திருத்தவில்லை.