மேலே செம்மண், கீழே கடல்

அன்று காலை அனிதா அடுப்படியில் உப்பு கரைத்துக்கொண்டிருந்தாள். அதில் நீல மை விட்டு, டம்ளரில் இருந்த நல்ல தண்ணீருக்கு அடியில் ஒரு குழல் வழியாக மெல்ல இறக்கினாள். மேலே தெளிவு, கீழே நீலம். நான் விரலை நீட்டினேன்.

“கலக்கிராதீக” என்றாள்.

என் மனைவி காரைக்குடியில் ஒரு பள்ளியில் புவியியல் ஆசிரியை. அன்று வகுப்பில், ஆறு கடலில் சேரும் கழிமுகம் பற்றிய பாடம். ஆற்றின் வேகம் ஜெயித்தால் கனமான கடல்நீர் ஆப்பு மாதிரி அடியில் நுழையும்; கடலின் ஏற்ற இறக்கமான ஓதம் ஜெயித்தால் மேலும் கீழும் ஒரே கரிப்பு; இரண்டும் சமம் என்றால் பாதிக் கலப்பு. தொண்டிப் பக்கம் கடலில் சேரும் எங்கள் ஆறு ஆப்பு வகை என்று சொல்லிக்கொடுத்தாளாம். அவளே பார்த்ததில்லை. கோடை முழுக்க ஆற்றின் வாயை மணல்திட்டு அடைத்திருக்கும். மழை பெய்து திட்டு உடைந்ததும் போய்ச் சோதிக்க, அடியில் கல் கட்டி, அடைப்பானில் கயிறு கோத்த புட்டி ஒன்று செய்து வைத்திருந்தாள்.

மதியம் பள்ளியிலேயே நெஞ்சுவலி வந்து இறந்துபோனாள்.

கல்லறைத் திருநாள் முடிந்து ஒரு வாரத்தில் திட்டு உடைந்தது. கேள்விப்பட்டதும் எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. அவள் சொன்னது சரியா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். அவள் தங்கை லூசியாவும் வந்தாள். வாடகைக்கு ஒரு வள்ளம் பிடித்தோம். ஆறு செக்கச்செவேல் என்று கடலுக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. அவ்வளவு தண்ணீரை எங்கள் ஆற்றில் நான் கண்டதே இல்லை.

செம்பை எடுத்து, மேலாக அலம்பி விலக்கி மோந்து, நாக்கில் வைத்தேன். துளி உப்பு இல்லை. இன்னோர் இடத்தில் மோந்தேன். அங்கும் இல்லை. கடல் உள்ளே வரவே இல்லை, அனிதா சொன்னது தப்பு என்று செம்பைக் கீழே வைத்துவிட்டேன்.

லூசியா சிரித்துவிட்டாள். “என்ன மச்சான், ஊருணியிலயா மோக்குறீக? அடியக் கலக்காம மேலாக மோந்தா கடல் எங்குட்டுக் கெடைக்கும்?”

அவசரமாகப் புட்டியை இறக்கினேன். கல் தரை தொட்டதும் அடைப்பானின் கயிற்றைச் சுண்டினேன். குமிழிகள் வந்தன. மேலே இழுத்தேன். சுற்றிலும் சிவப்பு, புட்டிக்குள் மட்டும் கண்ணாடியாய்த் தெளிந்த தண்ணீர். ஒரு வாய் வைத்தேன், தொண்டை எரியக் கரித்தது. துப்பாமல் லூசியாவிடம் நீட்டினேன். அவள் குடித்துவிட்டு, “அக்கா!” என்று கத்தினாள். வள்ளக்காரர் எங்களை ஒருமாதிரியாகப் பார்த்தார்.

ஒரு புட்டி மேல்நீர், ஒரு புட்டி அடிநீர். அனிதாவின் வகுப்புக்குக் கொடுத்தோம். இரண்டிலும் கொஞ்சம் மீதி வைத்திருந்தேன். வீட்டில், அதே டம்ளரில், மேல்நீருக்கு அடியில் அடிநீரை அதே குழலால் இறக்கினேன்.

உப்புநீர் அடியில்தான் நின்றது.