பி.பி. நம்பர்

காந்திபுரத்தில் ஒரு மாடியில் இயங்கிய அந்த இன்டர்நெட் கம்பெனியில், விண்ணப்பங்களைக் கணினியில் ஏற்றுவது கிருபாவதியின் வேலை. தொண்ணூற்றொன்பதாம் வருஷம் அது. ஒருவர் வாங்கிய கணக்கைத் தெருவில் நாலு பேர் பங்கு போட்டுக்கொண்ட காலம். முதலாளி ரங்கராஜ் அதற்கு ஒரு பூட்டுப் போட்டார். யார் மோடத்தில் கூப்பிட்டாலும், டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் அந்த லைனின் நம்பரையும் சேர்த்துக் கம்பெனியின் சர்வருக்கு அனுப்பிவிடும். பாஸ்வேர்டு சரியாக இருந்தால் மட்டும் போதாது. விண்ணப்பத்தில் உள்ள லைனிலிருந்து வந்தால்தான் சர்வர் உள்ளே விடும். ரங்கராஜுக்கு இதில் தலைகால் புரியாத பெருமை.

மே மாதத்தில் கருமத்தம்பட்டியிலிருந்து ராசப்பன் தன் மகள் செவ்வந்தியோடு வந்தார். மில்லில் ஃபிட்டர். அவருடைய அப்பா சாகும்வரை அடுத்தவர் தோட்டத்தில் மண்வெட்டி பிடித்தவர்.

"ஏனுங்க அம்மணி, பொண்ணு சிங்கப்பூர் காலேஜுக்கு எழுதிப் போடுதுங்க. எடம் கெடைச்சா செலவு பூராவும் அவங்களே பாத்துக்குவாங்களாம். ஈமெயில் விலாசம் கேக்கறாங்க. கம்ப்யூட்டர் அப்பறமா வாங்கிக்கறமுங்க."

"பதில் வந்து பத்து நாளைக்குள்ள சம்மதம்னு எழுதோணுங்க அக்கா. இல்லீன்னா எடத்த வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க" என்றாள் செவ்வந்தி.

ராசப்பனே விண்ணப்பத்தை நிரப்பினார். எட்டு வருஷம் காத்திருந்து, போன வாரம்தான் அவர் வீட்டுக்குச் சொந்த போன் வந்திருந்தது. ஆனால் அத்தனை வருஷமும் மில்லுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அவர் கொடுத்துவந்தது பக்கத்து வீட்டுப் பங்காருவின் நம்பரை. கை தன்னால் அதையே எழுதியது. பழக்கதோஷத்தில் பக்கத்தில் பி.பி. என்றும் போட்டது. அடுத்த வீட்டு போன், கூப்பிட்டுக் கொடுப்பார்கள் என்று அர்த்தம். கிருபாவதி வளர்ந்ததே அப்படி ஒரு நம்பரில்தான். ஆனாலும் கணினியின் அந்தக் கட்டத்தில் எண்கள் மட்டும்தான் ஏறும். அந்த இரண்டெழுத்தை விட்டுவிட்டு நம்பரை மட்டும் அடித்தாள். அடுத்த தாளை எடுத்தாள்.

ஜூலை முதல் வாரத்தில் செவ்வந்தியின் பெயரில் அழைப்புகள் வரத் தொடங்கின. பாஸ்வேர்டு சரி, லைன் வேறு. சர்வர் திருப்பி அனுப்பியது. ஒரு நாள் பதினாறு தடவை, மறுநாள் இருபத்திரண்டு தடவை. கிருபாவதி விண்ணப்பத்து நம்பருக்கு போன் செய்தாள்.

"என்ன கணக்குங்க? எங்கூட்டுல கம்ப்யூட்டரே கெடையாது" என்று சொல்லி வைத்துவிட்டார் பங்காரு.

"அப்பப் பாஸ்வேர்ட எவனோ சுட்டிருக்கான். நிறுத்தி வெச்சிரு" என்றார் ரங்கராஜ். அவளும் நிறுத்தி வைத்தாள். அன்று மத்தியானம் ஒரு பெண் போனில், "அக்கா, உள்ளயே போக மாட்டேங்குதுங்க" என்றாள். பெரிய எழுத்து சின்ன எழுத்துப் பார்த்து அடிக்கச் சொல்லிவிட்டு வைத்தாள் கிருபாவதி. பெயர் கேட்கவில்லை. ஒரு நாளைக்கு அப்படி ஐம்பது பேர் கூப்பிடுவார்கள்.

இருபதாம் தேதி ராசப்பன் நேரில் வந்தார். கம்பெனியிலிருந்து போன் வந்ததைப் பங்காரு முந்தின நாள்தான் அவரிடம் சொல்லியிருந்தார். வீட்டு நம்பர் எழுதிய துண்டுச்சீட்டை நீட்டினார். திரையில் பார்த்தவள், எழுந்து போய்ப் பழைய விண்ணப்பத்தைத் தேடி எடுத்தாள். பி.பி. உருண்டையான கையெழுத்து.

நம்பரை மாற்றி, நிறுத்தி வைத்திருந்த கணக்கைத் திறந்துவிட்டாள். பிறகு, செய்யக்கூடாத ஒன்றைச் செய்தாள். அவருடைய மகளின் ஈமெயில் பெட்டிக்குள் பார்த்தாள். சிங்கப்பூரிலிருந்து ஒரு கடிதம் இருந்தது. இடம் கொடுத்திருந்தார்கள். வந்த தேதி ஏழு. கிருபாவதி இரண்டு தடவை விரல்விட்டு எண்ணினாள். கெடு முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது.

"நாந்தான் நம்பரத் தப்பா எழுதிப்போட்டனாட்ட இருக்குதுங்க" என்றார் ராசப்பன். "உங்களுக்கு வீண் சிரமம் அம்மணி."

நீங்கள் பி.பி. என்று தெளிவாகத்தான் எழுதினீர்கள், நான்தான் அதைத் தூக்கிப் போட்டேன் என்று சொல்லியிருக்கலாம். வேலை போய்விடும் என்ற பயம் வாயைக் கட்டியது.

"இனி உள்ள போகுமுங்க" என்று மட்டும் சொன்னாள்.

அவர் கும்பிட்டுவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.

சாயங்காலம் ஆறு மணிக்கு அவர்கள் வீட்டு லைனிலிருந்து அழைப்பு வந்தது. சர்வர் உள்ளே விட்டது. நாலு நிமிஷத்தில் இணைப்பு அறுந்தது. செவ்வந்தி கெஞ்சியாவது ஒரு பதில் எழுதுவாள், அதை அனுப்ப மறுபடி வருவாள் என்று கிருபாவதி காத்திருந்தாள். அன்றும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை.

மூன்றாம் நாள் மனசு கேட்காமல் அவளே அந்தப் புது நம்பரை அழுத்தினாள். ராசப்பன் எடுத்தார்.

"செவ்வந்தி இருக்குதுங்களா?"

"படுத்திருக்குதுங்க அம்மணி. நீங்கெல்லாம் சரியாத்தான் செஞ்சீங்க, அப்பன்தான் தப்பா எழுதிக் கெடுத்துப்போட்டேன்னு புள்ளைகிட்டச் சொல்லிப்போட்டனுங்க. மூணு நாளா அது எங்கூடப் பேசறதில்லீங்க."

கிருபாவதி போனை வைத்தாள்.